ஸ்டியரிங் ஆட்டம்: முடுக்குமுன் தேடுக

நமது சங்கத்து அங்கத்தினர்களுள் கார், வேன், சிறு சரக்கு வண்டி ஆகியவற்றை வைத்திருப்போர் தொகை முன்போல் சிறிதன்று. சோமனூரிலிருந்து பாவு பீமும் நூல் மூட்டையும் ஏற்றி வருவோர் உளர். நெய்த துணியைக் கட்டி ஈரோட்டிற்குக் கொண்டு செல்வோர் உளர். விடியுமுன் காய்கறியை ஏற்றிக்கொண்டு கோவைச் சந்தைக்குப் புறப்படும் விவசாய அன்பர்களும் உளர். இவ்வண்டிகளில் மிகுதியானவை, பிறர் பல்லாண்டு ஓட்டிக் கழித்தபின் நம்மவர் கைக்கு வந்தவை. வாங்கும்போது இஞ்சினின் ஓசையைக் கேட்கிறோம், டயரைப் பார்க்கிறோம், விலையைப் பேசுகிறோம். ஸ்டியரிங் வளையத்தைப் பிடித்து அரை நிமிடம் ஆட்டிப் பார்ப்பவர் அரியர்.

சில மாதங்களுக்கு முன்னர் நம் அங்கத்தினர் ஒருவர் பழைய டீசல் வேன் ஒன்றை வாங்கினார். வாங்கிய இரண்டாம் வாரமே, "நேராப் புடிச்சாலும் வண்டி கொஞ்சம் அலையுதுங்க" என்று சங்கத்தில் வந்து சொன்னார். பட்டறை ஒன்றில் காட்டுமாறு நாமும் கூறினோம். பட்டறைக்காரர் ஸ்டியரிங் பெட்டியின் மேலிருக்கும் திருகை முடுக்கிக் கொடுத்தார். வளையத்தில் ஆட்டம் பாதியாகக் குறைந்தது. அங்கத்தினரும் மகிழ்ந்து கூலியைக் கொடுத்துவிட்டு வந்தார்.

பத்து நாள் கழித்து, அன்னூர்ச் சாலையிலிருந்து வந்து கருமத்தம்பட்டியில் நெடுஞ்சாலைக்குள் திரும்பியபோது, திருப்பிய வளையம் தானாக மீளவில்லை. அவர் பலங்கொண்டு இழுத்து நேராக்கி, வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார். அன்று மாலை நாம் நால்வர் வண்டியின் அடியிற் படுத்துப் பார்த்தோம். இடப்புறச் சக்கரத்தின் டை ராடு எண்டைப் பிடித்திருந்த நட்டில் பூட்டு ஆணி இல்லை. அதற்குப் பதிலாக எவரோ முன்பு சுற்றியிருந்த கம்பி துருப்பிடித்து அறுந்து கிடந்தது. நட்டு இரண்டே புரியளவு பிடித்துக்கொண்டிருந்தது. அன்று காலை வண்டியில் எங்கே சென்றீர்கள் என்று கேட்டோம். மனைவியையும் இளைய மகளையும் அவிநாசிக்கு அழைத்துச் சென்று திரும்பியதாகச் சொன்னார். பிறகு அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

பட்டறையில் வேலை செய்தவர் கெடுநினைவுடன் செய்தார் என்று நாம் கருதவில்லை. எங்கே தேய்ந்தது என்று பாராமல், கைக்கெட்டிய திருகை முடுக்கினார், அவ்வளவே. போய்ப் பார்த்து வாருங்கள் என்று சொன்னதோடு நின்ற நம் பேரிலும் குறை உண்டு. ஆகவே ஸ்டியரிங் ஆட்டத்தின் இடத்தைக் கண்டுபிடிக்கும் முறையை இங்குச் சற்று விரிவாகவே எழுதுகிறோம். படிப்போர் எல்லோரும் தாமே பழுது பார்க்க வேண்டும் என்பதில்லை. பட்டறைக்குச் செல்லும்போது எதைக் கேட்க வேண்டும், எதைக் காட்டச் சொல்ல வேண்டும் என்றாவது அறிந்திருக்க வேண்டும்.

வளையம் முதல் சக்கரம் வரை

இரட்டை மாட்டு வண்டியைத் திருப்புவதற்கு யந்திரம் எதுவும் வேண்டியதில்லை. மாடு திரும்பினால் ஏர்க்காலும் அச்சும் உடன் திரும்பும். அவிநாசித் தேர் வீதி முனையில் திரும்பும்போது, சக்கரத்தடியில் முட்டுக்கட்டை இடுவோர் அதன் போக்கை மாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். நான்கு சக்கரக் குதிரை வண்டிகளில் முன் அச்சு முழுவதுமே நடுவில் உள்ள ஓர் ஆணியைச் சுற்றித் திரும்பிற்று. இதனால் கூரிய வளைவில் வண்டி சாய்ந்துவிடும் அபாயம் இருந்தது. மியூனிக் நகரத்து வண்டித் தச்சர் லங்கென்ஸ்பெர்கர் என்பவர், அச்சை அசைக்காமல் இரு முனைகளிலும் சக்கரங்களை மட்டும் தனித்தனியே திருப்பும் ஏற்பாட்டைக் கண்டார். அதற்கு 1818 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஆக்கர்மன் என்பவர் காப்புரிமை பெற்றமையால், அது அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. காரல் பென்ஸ் 1886 இல் காப்புரிமை பெற்ற மோட்டார் வண்டிக்கு மூன்றே சக்கரங்கள். முன்புறம் இரண்டு சக்கரம் வைத்தால் அவற்றை எப்படித் திருப்புவது என்னும் தொல்லை அவருக்குத் தீராதிருந்ததே அதற்குக் காரணம். 1893 இல்தான் அவர் அதற்கு வழி கண்டு நான்கு சக்கர வண்டி செய்தார்.

இந்த ஏற்பாட்டின் நன்மை பெரிது. ஆனால் அதற்கு நாம் கொடுக்கும் விலை, மூட்டுகளின் பெருக்கம். வளையத்திலிருந்து ஒரு தண்டு இறங்குகிறது. அத்தண்டில் ஒன்றோ இரண்டோ யூ ஜாயிண்டுகள் உள்ளன. தண்டு சென்று சேருமிடம் இரு வகைப்படும். ஒன்று, பெட்டி வகை. பெட்டிக்குள் வார்ம் என்னும் திருகு சுழன்று ஒரு கையை முன்னும் பின்னும் தள்ளும். அக்கை கம்பிகளின் வழியே சக்கரங்களைத் திருப்பும். பழைய பியட் கார்களும் ஜீப்புகளும் பல சரக்கு வண்டிகளும் இவ்வகை. மற்றொன்று, ராக் என்னும் பல்தண்டு வகை. பினியன் என்னும் சிறு பற்சக்கரம் பல்தண்டை இடம் வலமாக நகர்த்தும். அம்பாசடரும் மாருதி 800 காரும் இவ்வகையின. இவ்விரண்டின் உற்பத்தியும் 2014 ஆம் ஆண்டில் நின்றுவிட்டதாயினும், நம் ஊர்ப் பக்கத்தில் ஓடுவன இன்னும் உள. எவ்வகையாயினும், கடைசியில் டை ராடு என்னும் கம்பியும், அதன் முனையில் குமிழ் ஒன்று கிண்ணத்துக்குள் உருளும் மூட்டும் உண்டு. அதுவே டை ராடு எண்டு.

இம்மூட்டுகள் ஒவ்வொன்றிலும் மயிரிழையளவு தேய்மானம் இருந்தாலும், வளையத்தில் அவை யாவும் ஒன்றுகூடித் தெரியும். தறியோட்டும் அன்பர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. கிராங்குக் கையின் புஷ்ஷில் சிறிது தேய்மானம், பலகையைத் தாங்கும் இடத்தில் சிறிது, போல்ட்டில் சிறிது. எல்லாம் சேர்ந்து தறி தட்டத் தொடங்குகிறது. ஓசை ஓரிடத்தில் கேட்கும்; பழுது வேறிடத்தில் இருக்கும்.

எவ்வளவு ஆட்டம் இருக்கலாம்?

ஆட்டமே இல்லாத ஸ்டியரிங்கும் நல்லதன்று. நாடாப் பெட்டி தளர்ந்திருந்தால் நாடா துள்ளும். அளவுக்கு மீறி இறுக்கினால் அடி விழுந்தும் நாடா புறப்படாது. அதுபோல ஸ்டியரிங்கிலும் சிறிது இடைவெளி வேண்டும். பட்டறைகளில் இதனைப் 'பிளே' என்பர். சிறிய கார்கள் பலவற்றில் வளையத்தின் ஓரத்தில் அளந்தால் மூன்று சென்டிமீட்டருக்கு மேற்படலாகாது.

சட்டம் கூறும் எல்லை இதனினும் தாராளமானது. 1989 ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 98 ஆவது விதி, வளையத்தில் ஆட்டம் 30 பாகைக்கு மேற்படலாகாது என்கிறது. கடிகார முகத்தில் ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் உள்ள இடைவெளியே 30 பாகை. 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள வளையத்தில் இது ஓரத்தில் சுமார் பத்தரை சென்டிமீட்டர் ஆகும். அதே விதி, ஸ்டியரிங் மூட்டுகளின் குமிழ்களுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும் என்றும், போல்ட்டும் ஆணியும் கழலாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நாம் கண்ட வேனில் கம்பி சுற்றியிருந்தது எத்தகைய செயல் என்பது இதனால் விளங்கும்.

30 பாகை வரை சட்டம் விடுகிறது என்பதற்காக அதுவரை காத்திருக்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி அரை வினாடியில் எட்டு மீட்டருக்கு மேல் ஓடிவிடும். எதிரே திடீரென ஒரு சைக்கிள் குறுக்கிடும்போது, வளையம் வெறுமனே சுழலும் அந்த அரை வினாடி எவ்வளவு பெரிது என்று எண்ணிப் பாருங்கள். சேலம் கொச்சி நெடுஞ்சாலையில் நம் வண்டிக்குப் பின்னால் வரும் லாரிகளோ அறுபதோடு நிற்பனவல்ல.

எது ஆட்டம், எது அலைவு

"ஸ்டியரிங் லூஸ்" என்று சொல்லி வருவோரிடம் விசாரித்தால், நான்கு வேறு வேறு குறைகள் ஒரே பெயரில் வருவதைக் காணலாம். வளையத்தைத் திருப்பியும் சக்கரம் உடனே திரும்பாவிட்டால், அது ஆட்டம். வளையம் சரியாகவே இருந்தும் வண்டி சாலையில் இடமும் வலமும் மேய்ந்துகொண்டு போனால், அது அலைவு. டயரில் காற்றுக் குறைவு, இரு புறமும் காற்று வேறுபடுதல், பின்புறத்தில் அளவுக்கு மீறிய பாரம், சக்கர நேர்மை கெடுதல் ஆகியவை அலைவுக்குக் காரணமாகலாம். ஒரே பக்கமாக இழுத்தால், டயரையோ பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக்கையோ பார்க்க வேண்டும். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வளையம் கையில் உதறினால், பெரும்பாலும் சக்கரச் சமனிலை கெட்டிருக்கும். தேய்ந்த மூட்டு இவை எல்லாவற்றையும் மிகுவிக்கும் என்பது உண்மைதான். ஆயினும் காற்றுக் குறைந்த டயருக்காக ஸ்டியரிங் பெட்டியைத் திறப்பது, ஊடை நூல் மெலிந்ததற்காகத் தறியைப் பிரிப்பது போன்றது. ஆகவே முதற்கண் நான்கு டயருக்கும் காற்றுப் பிடித்துவிட்டுப் பிறகே சோதனையைத் தொடங்குக.

ஆட்டத்தை அளப்பது எளிது. வண்டியைச் சமதரையில், முன் சக்கரங்கள் நேராக இருக்க நிறுத்துக. கைப்பிரேக்கை இழுத்துவிட்டுப் பின் சக்கரங்களுக்குக் கல் அணை கொடுக்க வேண்டும். பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியாயின் இஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அவ்வேளையில் கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று இருமுறை பார்த்துக்கொள்க. டாஷ்போர்டிலிருந்து வளையத்தின் ஓரத்தை ஒட்டியவாறு ஒரு நூலை இழுத்துக் கட்டி, வளையத்தில் நூலுக்கு நேரே சாக்குக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். ஒரு விரலால் வளையத்தை மெல்ல ஒரு பக்கம் தள்ளி, முன் சக்கரம் அசையத் தொடங்கும் இடத்தில் நிறுத்துக. மறுபக்கமும் அவ்வாறே. இரு நிலைகளுக்கும் இடையே கோடு நகர்ந்த தூரமே ஆட்டம். நம் வீடுகளில் நூலுக்குப் பஞ்சமில்லை. மாதம் ஒருமுறை அளந்து நாட்குறிப்பில் எழுதி வைத்தால், ஆட்டம் வளர்வது கண்ணுக்குத் தெரியும்.

இருவர் செய்யும் சோதனை

இனி ஆட்டம் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். இதற்கு இருவர் தேவை. ஒருவர் வளையத்தை ஆட்டத்தின் எல்லைக்குள்ளேயே இடமும் வலமுமாக மெல்ல அசைத்துக்கொண்டிருப்பார். மற்றவர் கீழிருந்து மூட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். இஞ்சின் ஓடலாகாது; சாவி கையில் இருக்கட்டும். வண்டியின் பாரம் சக்கரங்களின் மேலேயே இருக்க வேண்டும். ஜாக்கியில் தூக்கிவிட்டால் சக்கரம் இலேசாகத் திரும்பிவிடும், தேய்ந்த மூட்டு தன் குறையை மறைத்துக்கொள்ளும். தரையோடு தாழ்ந்த வண்டியாயின், பட்டறைக் குழியிலோ சரிவுத் தளத்திலோ நிறுத்திப் பார்க்கலாம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் எவரும் செல்லலாகாது. எத்தனையோ ஆண்டுகள் தொழில் செய்த கைகளும் அதில் நசுங்கியதுண்டு.

கீழே இருப்பவர் கண்ணைவிட விரலை நம்ப வேண்டும். மூட்டின் இரு பகுதிகளிலும் படும்படி விரலை வைத்தால், ஒரு பகுதி அசைந்து மற்றது சற்றுத் தாமதித்து அசைவது உடனே தெரியும். அப்படித் தாமதிக்கும் இடமே தேய்ந்த இடம். வளையத்திலிருந்து வரிசையாக வருவது நல்லது. தண்டின் யூ ஜாயிண்டையும், அதை இறுக்கும் போல்ட்டையும் முதலில் பாருங்கள். போல்ட்டு தளர்ந்திருந்தால் செலவின்றிக் காரியம் முடியும். அடுத்து, பெட்டியோ ராக்கோ சட்டத்தில் பொருத்தப்பட்டிருக்கும் இடத்தைப் பாருங்கள். வளையத்தை அசைக்கும்போது பெட்டியே அசைந்தால், பொருத்தும் போல்ட்டுகள் தளர்ந்திருக்கின்றன. அன்றிச் சட்டத்தில் விரிசல் உண்டு. ராக்காயின், அதனைத் தாங்கும் ரப்பர் புஷ் நைந்திருக்கலாம். இதைப் பாராமல் பெட்டியை முடுக்குவோரே அதிகம்.

அதற்கப்பால், பெட்டியில் நுழையும் தண்டு அசைந்தும் வெளிவரும் டிராப் ஆரம் தாமதித்தால், ஆட்டம் பெட்டிக்குள் இருக்கிறது. டிராப் ஆரம் உடனே அசைந்தும் கம்பி தாமதித்தால், இடையிலுள்ள மூட்டில் இருக்கிறது. ராக் வண்டிகளில் ராக்கின் இரு முனையிலும் உள்ள உள் மூட்டு ரப்பர் உறைக்குள் மறைந்திருக்கும்; உறையை விரலால் அழுத்திப் பிடித்துத்தான் உணர வேண்டும். அவ்வுறை கிழிந்திருந்தால் மூட்டு நெடுநாள் நில்லாது. பஞ்சுத் தூசியும் மண்ணும் சேர்ந்து கிரீசைச் சாணைக் கல்லாக்கிவிடும். கடைசியாக இரு புறத்து டை ராடு எண்டுகள். தேய்மானத்தோடு, ரப்பர் மூடி, நட்டு, பூட்டு ஆணி ஆகியவற்றையும் பார்க்க வேண்டும்.

இதன் பிறகே ஜாக்கி வரும். ஒரு முன் சக்கரத்தைத் தூக்கி, சட்டத்தின் கீழே உறுதியான தாங்கி வைத்துவிட்டு, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுக. அசைந்தால், வீல் பேரிங், கிங் பின், பால் ஜாயிண்டு ஆகியவற்றுள் ஒன்று தேய்ந்திருக்கிறது. எது என்று பிரித்தறிய ஓர் எளிய வழி: உடனிருப்பவர் பிரேக்கை அழுத்திப் பிடிக்கட்டும். அசைவு நின்றுவிட்டால் பேரிங். நில்லாவிட்டால் கிங் பின் அல்லது பால் ஜாயிண்டு. பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது மட்டும் அசைந்தால், டை ராடு பக்கம் திரும்பிப் பார்க்கலாம்.

பழுது நீக்கல்

தேய்ந்த டை ராடு எண்டை மாற்றத்தான் வேண்டும். சீர்செய்வது என்பது இல்லை. கிண்ணத்தைச் சுத்தியலால் தட்டிச் சுருக்குவது, உள்ளே தகடு திணிப்பது, வெல்டிங் வைப்பது ஆகிய மூன்றையும் நாம் கண்டிருக்கிறோம். சுத்தியல் அடி வாங்கிய கிண்ணத்தில் குமிழ் சில நாள் இறுக்கமாக இருந்து, பின்னர் ஒருநாள் வெளியே வந்துவிடும். வெல்டிங்கின் சூடோ எஃகின் பதத்தைக் கெடுத்து, முறியச் செய்யும். டை ராடு எண்டு மலிவான உறுப்பு. அது கழன்றால் சக்கரம் தன் விருப்பப்படி திரும்பும். பழைய இரும்புக் கடையில் வாங்கிய உறுப்பையும் இவ்விடத்தில் போடலாகாது.

மாற்றும்போது சில நுட்பங்கள் உண்டு. கழற்றுமுன் கம்பியில் உள்ள பூட்டு நட்டின் இடத்தைக் குறித்துக்கொள்க. பழைய முனையைக் கழற்றும்போது எத்தனை சுற்று வந்தது என்று எண்ணி, புதியதையும் அத்தனை சுற்றே ஏற்றினால் சக்கர நேர்மை பெரிதும் மாறாது. சில கம்பிகளில் ஒரு முனை வலப்புரியும் மறுமுனை இடப்புரியுமாக இருக்கும். அது தெரியாமல் முறுக்கிப் புரியைக் கெடுத்தவர் உளர். கூம்பாக இறுகியிருக்கும் தண்டை வெளிவாங்கப் புல்லர் என்னும் கருவி உண்டு. புதியதைப் பொருத்தி நட்டை முடுக்கியபின், பூட்டு ஆணிக்குரிய துளையும் நட்டின் காடியும் நேர்ப்படாமற் போகலாம். அப்போது நட்டை இன்னும் சற்று முடுக்கித்தான் நேராக்க வேண்டுமேயன்றி, ஒருபோதும் தளர்த்தலாகாது. பூட்டு ஆணி புதியதாக இருத்தல் வேண்டும். கட்டை வண்டியில் தேய்ந்த கடையாணியை எவரும் மறுபடி செருகுவதில்லை. கார் விஷயத்தில் மட்டும் சிக்கனம் எங்கிருந்து வருகிறதோ தெரியவில்லை.

பின்னர்ச் சக்கர நேர்மை பார்க்க வேண்டும். பட்டறை செல்லும் வரையில் தற்காலிகமாக நூலும் அளவு நாடாவும் போதும். இரு முன் டயர்களின் நடுவிலும், முன்பக்கத்தில் அச்சின் உயரத்தில், சாக்குக்கட்டியால் புள்ளியிட்டு இடைத்தூரத்தை அளந்துகொள்க. வண்டியை முன்னே தள்ளி, சக்கரம் அரைச் சுற்றுச் சுற்றி அதே புள்ளிகள் பின்பக்கம் அதே உயரத்துக்கு வந்ததும் மறுபடி அளக்க வேண்டும். இரண்டின் வேறுபாடு வழக்கமாகச் சில மில்லிமீட்டருக்குள் இருக்கும்; சரியான அளவு வண்டிக்கு வண்டி மாறும்.

வீல் பேரிங் பழைய கூம்பு வகையாயின், சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே நட்டை முடுக்கி, பிறகு சக்கரம் தடையின்றிச் சுழலும் அளவுக்குச் சற்றுத் தளர்த்திப் பூட்ட வேண்டும். மாருதி போன்ற முன்சக்கர உந்து கார்களில் இவ்வகை ஒழுங்கு இல்லை. பேரிங்கையே மாற்ற வேண்டும். கிங் பின் புஷ்களை மாற்றுவது தேர்ந்த பட்டறையின் வேலை. கிரீஸ் அடித்து வந்தால் அதன் ஆயுள் நீளும். அடிக்கும்போது சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிட்டால், பாரம் தாங்கும் பக்கத்திலும் கிரீஸ் புகும்.

பெட்டித் திருகைப் பற்றி

மூட்டுகள் யாவும் சரியாக இருந்து, ஆட்டம் பெட்டிக்குள்தான் என்று உறுதியானபின், எண்ணெய் மட்டத்தையும் பார்த்துவிட்டு, அந்தத் திருகிடம் வரலாம். இங்கேதான் பெரிய தவறு நிகழ்கிறது. வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுகிறது. ஆகையால் பெட்டிக்குள் இருக்கும் திருகு நடுப்பகுதியில் மிகவும் தேய்ந்தும், இரு ஓரங்களில் ஏறத்தாழப் புதியதாகவும் இருக்கும். நடுவில் ஆட்டம் போகும் வரை முடுக்கினால், தேயாத ஓரங்களில் அது பிடித்துக்கொள்ளும். நேராகச் செல்லும்போது எல்லாம் நன்றாகத் தோன்றும், வளைவில் வளையம் இறுகும், திருப்பியது மீளாது. நம் அங்கத்தினருக்கு நெடுஞ்சாலை முனையில் நேர்ந்தது இதுவே.

எனவே முன் சக்கரங்களைத் தூக்கித் தாங்கியில் நிறுத்திவிட்டு, திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாக முடுக்கி, வளையத்தை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை திருப்பிப் பார்க்க வேண்டும். எங்கேனும் இறுக்கம் தென்பட்டால், முடுக்கியதைத் தளர்த்துக. தளர்த்தியபின் ஆட்டம் மிகுதியாக இருக்குமாயின், பெட்டியின் ஆயுள் முடிந்தது. திருகு அதற்கு மருந்தன்று. ராக் வண்டிகளிலும் பினியன் அருகே ஒழுங்கு செய்யும் இடம் ஒன்று உண்டு. அங்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மின்சாரப் பவர் ஸ்டியரிங் உள்ள புதிய கார்களில், விளக்கு எரிந்து எச்சரித்தால், தெரு ஓரத்தில் கை வையாமல் அதற்குரிய கருவியுள்ள இடத்துக்குக் கொண்டு செல்வதே நல்லது. ஆயினும் டை ராடு எண்டு அவற்றிலும் தேயும். இருவர் சோதனை அவற்றுக்கும் உரியதே.

வேலை முடிந்ததும் வெறிச்சோடிய சாலையில் மெதுவாக ஓட்டி, இரு பக்கமும் திருப்பி, வளையம் தானே மீள்கிறதா என்று பார்க்க. சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் நட்டுகளையும் பூட்டு ஆணிகளையும் மறுபடி ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

நம் அங்கத்தினரின் வேனில் பெட்டித் திருகைத் தளர்த்திப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தோம். இரு புறத்து டை ராடு எண்டுகளையும் மாற்றினோம். பெட்டியைச் சட்டத்தோடு பிடிக்கும் போல்ட்டுகளில் தளர்ந்திருந்த ஒன்றை இறுக்கினோம். முன்பு வளையத்தின் ஓரத்தில் ஒன்பது சென்டிமீட்டராக இருந்த ஆட்டம் இரண்டரைக்கு இறங்கிற்று. புல்லர் ஒன்றும் தாங்கிகள் இரண்டும் சங்கத்தின் பேரில் வாங்கப்பட்டுள்ளன. வேண்டுவோர் கையெழுத்திட்டு எடுத்துச் சென்று, மறுநாள் திருப்பித் தரலாம். கழற்றிய இடப்புற முனையையும் அலுவலக மேசை மீதே வைத்திருக்கிறோம். பத்திரம் எழுதவோ கணக்குப் பார்க்கவோ வரும்போது, அதைக் கையில் எடுத்து ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு, உங்கள் வண்டியின் அடியில் போய்ப் பாருங்கள்.